தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் கனபேர் உள்துறை அமைச்சுக்குக் குடுக்கிற வாக்குமூலத்தைக் கைத்தொலைபேசியில சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதுவிக்கிறீங்கள். பாஷை தெரியாத இடத்தில அது உதவிதான், நான் குறை சொல்ல வரேல்லை. ஆனால் அது எப்படிப் பழகி வந்தது என்று கொஞ்சம் தெரிஞ்சிருக்க வேணும்.

நான் ஊரில படிப்பிச்சனான். பல்தேர்வு வினாவில விடை தெரியாத பிள்ளைக்கு என்ன சொல்லுவம்? "வெறுமையா விடாத, ஏதாவது ஒண்டைக் கீறு." பிழைச்சாலும் புள்ளி குறையாது. இந்த இயந்திரங்களும் அப்படித்தான். 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இதை விளக்குகிறது. அவற்றைச் சோதிக்கும் பெரும்பாலான பரீட்சைகளில் பிழையான விடைக்கும் பூச்சியம், "தெரியாது" என்பதற்கும் பூச்சியம். அப்ப ஊகிக்கிறதுதானே லாபம்! உறுதியாகச் சொல்லிப் பிழைத்தால் புள்ளியைக் குறைக்க வேண்டும், தெரியாது என்று ஒப்புக்கொண்டால் கொஞ்சமாவது கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய யோசனை. வாத்தியார்மாருக்கு இது புதுசில்லை.

2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு விடயத்தில், மேற்கோள் காட்டிய 45 வழக்குகளில் 18 உலகத்திலேயே இல்லாதவை. வழக்காளி தானே இப்படியான கருவிகளில் தேடிக் குடுத்தவர். சட்டத்தரணி சரிபார்க்காமல் சமர்ப்பித்துவிட்டார்.

எங்கட ஆக்களுக்கு ஆபத்து திகதியில இருக்கு. ஒரு தம்பி, "2008 கடைசியில, மழைக்காலம், பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்று சொன்னவர். திரும்பி வந்த ஆங்கிலத்தில "2008 நவம்பர் 14" என்று இருந்தது. நாள் அவர் சொன்னதே இல்லை! நேர்முகத்தில அதிகாரி நாளைக் கேட்டால் இவர் வேறொன்றைச் சொல்லுவார். இரண்டும் பொருந்தாவிட்டால் முழுக் கதையையும் நம்பமாட்டினம். அங்கே புள்ளி குறையும், கவனம்.

ஆகவே முதலில் தமிழில், உங்கட கையால எழுதுங்கோ. நாள் ஞாபகம் இல்லையென்றால் "தைப்பொங்கலுக்கு முதல் கிழமை", "மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கேக்க" என்று ஞாபகம் உள்ளபடியே எழுதுங்கோ. அதிகாரி கேட்டாலும் "சரியான நாள் ஞாபகமில்லை" என்று சொல்லலாம், அது குற்றமில்லை. மேன்முறையீட்டுக்கான கடைசி நாளை இயந்திரத்திட்டக் கேக்காதேங்கோ, உங்களுக்கு வந்த கடிதத்திலேயே பாருங்கோ. ஆங்கிலப் பிரதியில் கையெழுத்து வைக்க முன்னம் எங்களிட்டக் கொண்டு வாங்கோ. தமிழையும் பக்கத்தில வைச்சு, ஒவ்வொரு திகதியாய், ஒவ்வொரு பெயராய் வாசிச்சுப் பார்ப்பம்.