பழைய மெஷினைப் பழிக்கும் முன்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"உத்தியோக அனுபவம் ஏதாவது சொல்லுங்கோ" என்றார் நம் காரியதரிசி. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன்; இன்ஜினீயர் அல்ல. வடக்கே ஓர் அரசுத் தொழிற்சாலையில் தர ஆய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே நான் செய்த ஒரு தவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

1999-ல் நடந்தது. 15 வருஷம் உழைத்த ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷின் எங்களிடம் இருந்தது. கொடுத்த எண்களின்படி மேஜையைத் தானே நகர்த்தி, உலோகத்தைச் செதுக்கும் யந்திரம். அதில் வட்டமாக வரவேண்டிய துவாரம் 0.08 மில்லிமீட்டர் பிசகி வந்தது. ஒரு தலைமயிரின் பருமன்தான். ஆனால் எங்களுக்கு அனுமதி 0.02 மட்டுமே. உருப்படிகள் வரிசையாகத் தள்ளுபடி ஆயின. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று மெமோ தயாராயிற்று. நானும் கையெழுத்திட்டேன்.

அந்தப் பையன் சண்டை போடவில்லை. "ஸாப், தழும்பு எங்கே விழுகிறது என்று ஒரு தடவை பாருங்கள்" என்றான். பார்த்தேன். ஒவ்வொரு உருப்படியிலும் எதிரெதிரான அதே இரண்டு இடங்கள். ஒய் அச்சில் மேஜை திசை மாறும் புள்ளிகள். கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக வருமா?

மறுநாள் முறையாக ஆரம்பித்தோம். ரசமட்டம் வைத்தோம், சரியாக இருந்தது. அடுத்து உஷ்ணம். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். காலையிலும், மெஷின் சூடேறிய பிறகும் அளந்தோம், பிசகு மாறவில்லை.

பிறகு டயல் கேஜை ஸ்பிண்டிலில் பொருத்தி, மேஜையை ஒரே இடத்துக்கு இரு திசைகளிலிருந்தும் கொண்டுவந்தோம். கன்ட்ரோலில் இருந்த பேக்லாஷ் ஈட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அளந்தோம். எக்ஸ் அச்சில் 0.01 வித்தியாசம். ஒய் அச்சில் 0.09!

"பால் ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்" என்றார்கள். பெரிய செலவு. அதற்கு முன் கேஜை ஸ்க்ரூவின் முனையிலேயே வைத்துப் பார்த்தோம். திசை மாறும்போது ஸ்க்ரூ முழுவதுமே 0.07 முன்னும் பின்னும் நகர்ந்தது! அதைத் தாங்கும் பேரிங்கின் நட்டு தளர்ந்திருந்தது. மோட்டாரிலுள்ள என்கோடர் சுழற்சியை எண்ணுமே தவிர, மேஜை நகர்ந்ததா என்று அறியாது.

இத்தனை நாள் தளர்வு கூடக்கூட, யாரோ அந்த ஈட்டு எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜுரத்தைக் கவனிக்காமல் தெர்மாமீட்டரைத் திருத்துவது போல! வெட்டும் விசை அந்த இடைவெளிக்குள் மேஜையைத் தள்ளும்போது எந்த எண்ணும் ஈடுகட்டாது.

பேரிங்கை மாற்றி, நட்டை இறுக்கி, மறுபடி அளந்து, ஈட்டு எண்ணைக் குறைத்து வைத்தோம். பழைய எண்ணையே விட்டிருந்தால் எதிர்ப்பக்கம் பிசகியிருக்கும். துவாரம் 0.02-க்குள் வந்தது. மெமோவை வாபஸ் வாங்கி, அந்தப் பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

நம் குழந்தைகள் பலர் இன்று பல ஊர்களில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள்.