பெர்ணம் ஆற்றங்கரையில் யார் நிலம்?



பேராவுக்கும் சிலாங்கூருக்கும் எல்லை பெர்ணம் ஆறு. அந்தப் பக்கம், ஊத்தான் மெலிந்தாங்கில் ஜெண்டராட்டா தோட்டத்தை 1906-இல் தொடங்கியவர் டென்மார்க்காரர் ஏஜ் வெஸ்டென்ஹோல்ஸ். ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்து வாழ்க்கை மட்டும் தொடர்ந்தது.

தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1990 சட்டம் சொல்கிறது. அதை நம் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ஆற்றோரத்தில் பலகை வீடு கட்டியவர்கள் "நாப்பது வருஷமா இருக்கோம், லோயர்" என்பார்கள். பதில் சொல்ல எனக்கே கசக்கிறது. 1965 தேசிய நிலச் சட்டம், 48-ஆம் பிரிவு: அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை வராது. லைட் பில் பட்டா ஆகாது. தற்காலிக உரிமமும் டிசம்பர் 31-ஓடு முடியும். மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே உடைக்க வரும்வரை காத்திருக்காதீர்கள். நில அலுவலகத்தில் இப்போதே மனு கொடுங்கள். ஆற்று ஒதுக்கு நிலமானால் மாற்று இடம் கேளுங்கள். முத்திரை குத்திய நகலைக் கையில் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.