அணை உனது, ஆதாயம் எனது!

அந்நிய முதல் வரலாமா, கூடாதா என்று மேடைதோறும் கேட்கின்றனர். நான் கேட்பது வேறு: முதலோடு வந்தவன் நீட்டிய ஒப்பந்தத்தைப் படித்தீரா? கையொப்பமிடும் கடைசிப் பக்கத்தை அல்ல, முழுவதையும்!

கானா நாட்டுக் கதையைக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலே, 1957-இல் விடுதலை கண்ட நாடு. மலையிலே பாக்சைட், வோல்டா ஆற்றிலே வற்றாத ஆற்றல். அகோசோம்போவில் அணை கட்டுவோம், அந்த மின்சாரத்தால் நம் மண்ணின் பாக்சைட்டை அலுமினியமாக்குவோம் என்று கனவு கண்டார் க்வாமே என்க்ருமா. செலவில் பாதியைக் கானாவே ஏற்றது. மீதிக்கு உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியோரிடம் கடன். "இவ்வளவு மின்சாரத்தையும் வாங்குபவர் யார்?" என்றனர் கடன் கொடுப்போர். "நானிருக்கிறேன்!" என்றது அமெரிக்காவின் கெய்சர் நிறுவனம்.

நாடகம் எழுதுபவன் நான். இப்படி ஒரு பாத்திரம் மேடையேறினால், கொட்டகையின் கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவரும் விழித்துக்கொள்வார்!

தேமாவில் வால்கோ உருக்காலை எழுந்தது. 90 விழுக்காடு பங்கு கெய்சருக்கு, 10 விழுக்காடு ரெனால்ட்சுக்கு. இருவரும் அமெரிக்கர். மின்சாரத்தின் பெரும்பகுதி ஆலைக்கு. அதுவும் அடிமாட்டு விலைக்கு, நெடுங்கால உறுதியோடு! பாக்சைட்டை அலுமினாவாக்கும் ஆலையோ எழவில்லை. ஆகவே கானாவின் பாக்சைட் கப்பலேறி வெளியே போயிற்று. அலுமினா கப்பலேறி உள்ளே வந்தது! வேரும் அயலானிடம், கனியும் அயலானிடம். நடுவே வெந்தது கானாவின் மின்சாரம்.

அணைநீர் 8,500 சதுரக் கிலோமீட்டரை விழுங்கிற்று. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். அவர்கள் குடியேறிய ஊர்கள் பலவற்றில் நெடுங்காலம் மின்விளக்கே எரியவில்லை. அணைக்கு இடம் தந்தவன் வீட்டிலே அகல்விளக்கு!

என்க்ருமாவைப் பழிக்க என் நா கூசுகிறது. அணை இன்றும் ஒளி தருகிறது; அதை இயக்கும் கலையைக் கானாவின் பிள்ளைகள் கற்றுத் தேர்ந்தனர். அந்நியர் வந்ததால் கிடைத்த ஆதாயம் அது, மறைப்பானேன்? ஆனால் உலோகத் தொழிலின் நடுக்கண்ணி மட்டும் ஒப்பந்தத்தில் நழுவிவிட்டதே!

1966 ஜனவரியில் அணையைத் திறந்து வைத்தார் என்க்ருமா, பிப்ரவரியில் ஆட்சியிழந்தார். மின்விலையை உயர்த்திப் புது ஒப்பந்தம் காண 1985 ஆயிற்று. கெய்சரின் பங்கைக் கானா அரசு வாங்கியது 2004-இல். நாட்டின் பாக்சைட்டை நாட்டிலேயே அலுமினாவாக்க வழி தேடித் தனி நிறுவனம் அமைத்தது 2018-இல்.

அணை திறந்து 52 ஆண்டுகள் கழித்து, தோழர்களே!