மாடியில் ஐந்து கத்தரிச் செடிகள்



இன்று ஓர் அம்மாவின் கதையைக் கேளுங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர். பிறந்தது வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம். வாடகை வீட்டு மாடியில் தோட்டம் போட்டிருந்தார். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய பெயிண்ட் டப்பா, சிமெண்ட் சாக்கு, உடைந்த குடம். எல்லாம் சேர்த்து 20 செடிகள். தக்காளி 12. மிளகாய் 3. கத்தரி 5.

கத்தரி மட்டும் ஊர் விதை. முள்ளுக் கத்தரி. அந்தப் பக்கத்தில் பேர் போனது. அவருடைய அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்தது. அந்த அம்மா இப்போது இல்லை.

2023-ல் கர்நாடகத்தில் மழை பொய்த்தது. மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223-ஐ வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2024 மார்ச் மாதம் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றின. குடிநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது; ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவுதான். குடிக்கவே இல்லாதபோது செடிக்கு ஏது?

அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர். மிச்சம் அவ்வளவுதான். தினமும் அரை வாளி தேறும். அதை 20 செடிக்கும் ஊற்றினால் எதுவும் பிழைக்காது. எட்டுக்கு ஊற்றலாம். எந்த எட்டு?

"தக்காளிக்கு ஊத்துங்க அக்கா. அதுதான் தினம் வேணும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"தக்காளி விதை கடையில கிடைக்கும் தங்கச்சி. இது எங்கம்மா கொடுத்தது."

கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றினார். பொழுது சாய்ந்த பிறகுதான் ஊற்றுவார். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினார். பழைய புடவையைக் கட்டி நிழல் செய்தார். தக்காளி கண்ணெதிரே காய்ந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே மாடி ஏறுவாராம்.

ஏப்ரலில் ஒரு நல்ல மழைகூட இல்லை. 28-ஆம் தேதி வெயில் 38.5 டிகிரி. பெங்களூருக்கு இது மிக அதிகம். இந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ உதிரும். காய் பிடிக்காது. ஆகவே தண்ணீர் ஊற்றியிருந்தாலும் பலன் குறைவுதான். அவருக்கு அது அப்போது தெரியாது.

கத்தரியிலும் இரண்டு போயின. மூன்று நின்றன.

ஜூன் 2-ஆம் தேதி வானம் கொட்டியது. 111 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை அந்த நகரில் 100 ஆண்டுகளுக்கு மேலாகப் பெய்ததில்லை. இதை மாடிக் கணக்கில் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம் உள்ள இடத்தில் சுமார் 1,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். மார்ச்சில் அரை வாளிக்குத் தவித்த வீடு! அத்தனையும் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போனது.

மறுநாள் காலையில் கத்தரி இலைகள் தொங்கிக் கிடந்தன. மகள் சொம்போடு ஓடி வந்தாள்.

"வாடிப் போச்சும்மா! தண்ணி ஊத்தவா?"

"வேணாம் கண்ணு. குடிச்சது போதும் அதுக்கு."

வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும். அப்போதும் இலை வாடும். அந்த அம்மா டப்பாக்களைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். ஆணியைக் காய்ச்சி அடியில் இன்னும் துளைகள் போட்டார். செங்கல் மேல் தூக்கி வைத்தார். ஒன்று அழுகிவிட்டது. இரண்டு தலை நிமிர்ந்தன.

முதலில் காய்த்ததை யாரையும் பறிக்க விடவில்லை. செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டார். விதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தார். பாதியை ஊரில் உள்ள தம்பிக்கு அனுப்பினார்.

பிறகு 200 லிட்டர் டிரம் ஒன்று வாங்கி, மாடிக் குழாயின் கீழே வைத்தார். அக்டோபரில் மறுபடி பெருமழை. டிரம் நிரம்பி வழிந்தது.

"இன்னொண்ணு வாங்கணும்" என்றார் அவர்.