தரிசும் தனிமையும்
(நாகர்கோவிலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



கூலி பற்றியும் போனஸ் பற்றியும் மனைப் பட்டா பற்றியும் நாம் ஓயாமல் பேசுகிறோம். இன்று, வெளியே சொல்லக் கூசுகிற ஒரு துயரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது தனிமை, அதனால் வரும் மனச்சோர்வு.

"அதெல்லாம் பணக்காரர் வியாதி" என்று சிலர் சிரிக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2025ம் ஆண்டு அறிக்கை என்ன சொல்கிறது? பணக்கார நாடுகளில் 100க்கு சுமார் 11 பேர் தனிமையில் வாடுகிறார்கள். ஏழை நாடுகளில் 24 பேர்!

நம் நாஞ்சில் நாட்டைப் பாருங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பூவும் நெல் விளைந்த வயல்களில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நட்டார்கள். கூலி அற்பம், சாதிக் கொடுமை வேறு. அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனாலும் துக்கத்தைச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. பின்னர் எத்தனையோ வயல்கள் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறின. மிஞ்சிய வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிற்று. வேலையோடு கூட்டமும் கலைந்தது. மில் தொழிலாளி வீட்டிலோ, கணவன் ஷிப்டு முடிந்து வரும்போது மனைவி புறப்படுகிறாள். மகன் வளைகுடா நாட்டில். தாய் வாசல் திண்ணையில் தனியே.

இதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்துக் கேரளத்தில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில், 4 முதல் 10 பெண்கள் வரை குழுவாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். இக்குழுக்கள் தனித்தனிக் குடும்பப் பண்ணைகளைவிட நல்ல பலன் கண்டதைப் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 2018ல் எடுத்துக்காட்டினார்.

மனதுக்கும் பலன் உண்டா? அமெரிக்காவின் டென்வர் நகரில் 291 பேரைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பொதுத் தோட்டத்தில் பாத்தி கொடுத்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். பாத்தி கிடைத்தவர்களுக்கு மன அழுத்தமும் கலக்கமும் கூடுதலாகக் குறைந்தன என்று 2023ல் முடிவு வெளியாயிற்று.

காரணம் எளிது. செடி தினமும் தண்ணீர் கேட்கும். மனிதன் எழுந்து வர வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால், "என்னக்கா, காணலியே?" என்று வீடு தேடி ஆள் வரும். வழுதனங்காயும் கீரையும் மரச்சீனியும் அடுப்புக்கும் உதவும்.

ஆகவே, நம் கோரிக்கைகளோடு இதையும் சேர்ப்போம். ஊர்ப் பொது நிலத்தில் 20, 30 சென்ட் இடமும், தண்ணீரும், வேலியும் பஞ்சாயத்து தரவேண்டும். மில் குடியிருப்பில் நிர்வாகம் தரவேண்டும். அந்தத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை கூடாது; ஒரே கிணறு, கலந்த பாத்திகள். அங்கேயும் ஒருவரை ஒதுக்கினால், எந்தத் தனிமையை நாம் ஒழித்தவர்களாவோம்?

ஒரு எச்சரிக்கை. "தோட்டம் கொடுத்தேன், போனஸ் கேட்காதே" என்று எந்த முதலாளியும் சொல்ல இடம் தராதீர்கள். கடுமையான மனநோய்க்கு டாக்டர் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இரண்டு பட்டியல் எழுதுங்கள் தோழர்களே: ஊரில் சும்மா கிடக்கும் பொது நிலம் எது? தனியே கிடக்கும் மனிதர் யார்? இரண்டையும் சேர்த்து வைப்பது சங்கத்தின் வேலை.