மடியில் மழலை, கையில் பயணச்சீட்டு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புலம்பெயர்தலும் தமிழ்க் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு அமைப்பாளர்கள் பணித்தார்கள். பெரிய பொருள். அறிஞர்கள் பலர் பெருவாயில் வழியே அதனுள் நுழைந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நானோ இருபத்தைந்து ஆண்டுகள் பயண முகவர் அலுவலகமொன்றில் மேசைக்குப் பின்னே அமர்ந்து டிக்கெட் எழுதியவன். எனவே எனக்குப் பழக்கமான சிறிய வாயிலொன்றின் வழியே வர விழைகிறேன். இளங்குழந்தைகளோடு கடல் கடந்து குடியேறப் போகும் ஒரு குடும்பம் விமானச்சீட்டு எடுக்கிறதே, அந்த ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. இருக்கிறது என்று காட்டுவதே என் நோக்கம்.

நாம் வாழும் பகுதியை எண்ணிப் பாருங்கள். 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டித் திரிசூலத்தில் ரயில் நிற்கும்போது ஒருபுறம் மலையடிவாரத்துச் சிவன் கோயில். மறுபுறம் விமான நிலையம். இந்த இருப்புப் பாதையை ஒட்டிய ஊர்களில், பிள்ளையையோ பெண்ணையோ அந்நிலையத்தின் வாயிலில் நின்று வழியனுப்பாத தெரு அரிது.

இனி நம் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொல்காப்பியத்தின் அகத்திணையியல், கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று விதிக்கிறது. அந்நூற்பாவில் வரும் முந்நீர் என்னும் சொல்லுக்கு உரை வேறுபாடு உண்டு. கடல் என்று பொருள்கொள்வோர் பலர். பொருள்வயிற் பிரிவு என்றால் தலைவன் போவான், தலைவி காத்திருப்பாள். உடன்போக்கு என்றால் இருவரும் போவார்கள்; செவிலி தேடிக்கொண்டு பாலையில் நடப்பாள், நற்றாய் மகள் விட்டுச்சென்ற பாவையையும் பந்தையும் பார்த்துப் புலம்புவாள். இவ்விரண்டு பிரிவுகளையும் எத்தனையோ நுட்பங்களோடு பாடிய நம் முன்னோர், தலைவனும் தலைவியும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மீளாத ஊருக்குக் கடல் கடந்து போவதற்கு ஒரு துறை வகுக்கவில்லை. அவர்கள் காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை. நமக்கோ அதுவே அன்றாடம் ஆகிவிட்டது.

இடைக்காலம் ஒன்று உண்டு. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' என்ற கப்பல் ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துத் தமிழ்க் குடும்பங்கள் பயணம் செய்தன. அதற்குப்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அக்கடல்வழிப் பயணமும் முடிந்தது. கப்பலில் துன்பங்கள் பல இருந்தன. ஆனால் காலமும் இருந்தது. பல நாள் நீண்ட அப்பயணத்தில் குழந்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழைய ஊரைவிட்டு நீங்கியது. விமானமோ ஒரே நாளில் அதனை வேறொரு பகலுக்குள் இறக்கிவிடுகிறது. மெல்ல நீங்கும் அவகாசம் போய்விட்டது. அதனால்தான் சீட்டு எடுக்கும் வேளையிலேயே குழந்தையை நினைக்கவேண்டியிருக்கிறது.

சீட்டில் முதலில் எழுதப்படுவது பெயர். இங்கேயே தமிழனுக்கு இடர் தொடங்குகிறது. உலக விமான நிறுவனங்களின் கணிப்பொறிகள் குடும்பப்பெயர் ஒன்றை எதிர்பார்க்கின்றன. சாதிப்பெயரைத் துறந்து, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொள்வது நம் வழக்கம். தந்தை பெயர் சிவன், மகன் பெயர் முருகன் என்று கொள்வோம். கடவுச்சீட்டில் முருகனின் குடும்பப்பெயர் சிவன். முருகன் பிள்ளையின் குடும்பப்பெயர் முருகன். மனைவிக்கோ அவள் தந்தையின் பெயர். ஒரே வீட்டில் வாழும் நால்வர், சீட்டில் மூன்று குடும்பத்தார் போலத் தோன்றுவர். பெயர் முழுவதையும் குடும்பப்பெயர்க் கட்டத்திலேயே எழுதிவிட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எப்.என்.யூ.' என்று அச்சிட்டுத் தருவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். ஊரே கூடிப் பெயர் வைத்த பிள்ளைக்கு அங்கே பெயர் தெரியவில்லை! இதைவிடக் கூர்மையான கவிதைப் பொருள் வேறு வேண்டுமா?

இதில் நடைமுறை அறிவுரையும் உண்டு. கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓரெழுத்தும் பிசகாமல் டிக்கெட்டில் பெயர் இருக்கவேண்டும். குடும்பத்தார் அனைவரையும் ஒரே பதிவெண்ணில் சேர்க்கவேண்டும். தனித்தனியே எடுத்தால், தாயை ஒரு வரிசையிலும் நான்கு வயதுப் பிள்ளையை வேறொரு வரிசையிலும் கணிப்பொறி அமர்த்திவிடக்கூடும். குழந்தையின் பெயரைத் தாயின் கடவுச்சீட்டிலேயே எழுதிச் சேர்த்த காலம் மலையேறிவிட்டது. இன்று பிறந்த சிசுவுக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்.

பெயருக்குப் பின் வருவது வயது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை, மடிதான் இருக்கை. பன்னாட்டுப் பயணங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். இரண்டு நிறைந்தால் இருக்கை கட்டாயம். கட்டணமும் பல நிறுவனங்களில் முக்கால் பங்கு அல்லது அதற்குமேல். ஆகவே, "இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்னே போய்விடுகிறோம்" என்று வந்து நிற்கும் பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன். விசாவின் கெடு ஒருபுறம் நெருக்கும். அமெரிக்கக் குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதத்துக்குமேல் செல்லாது. இப்படி ஒரு குழந்தையின் பிறந்தநாளையும் ஒரு தூதரகத்தின் முத்திரையையும் எதிரெதிரே வைத்துப் பயண நாள் குறிக்கப்படுகிறது.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையே மடிப்பயணத்துக்கு மிகக் கடினமான குழந்தை. அதற்கு நடக்கத் தெரியும். இருக்கச் சொன்னால் தெரியாது. பொருள் இடங்கொடுக்குமானால் அக்குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குவதே நன்று. கைக்குழந்தைக்கு விமானத்தில் தொட்டில் தருவார்கள். முன்சுவரை ஒட்டிய வரிசையில் மட்டுமே அதனை மாட்ட இயலும், எண்ணிக்கையும் சிலவே. எடை வரம்பும் உண்டு. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட்டு எடுக்கும்போதே கேட்டுவைத்து, புறப்படுமுன் மீண்டும் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

அத்தொட்டிலைப்பற்றிக் கவிஞர்கள் அறியவேண்டிய செய்தி வேறொன்று. வானில் விமானம் குலுங்கத் தொடங்கி, இருக்கைவாரை மாட்டச் சொல்லும் விளக்கு எரிந்துவிட்டால், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. நம் வீட்டுத் தூளி ஆடினால்தான் குழந்தை உறங்கும். ஆட்டுவதற்கென்றே ஒரு கை இருக்கும். அங்கே தொட்டில் ஆடினால் குழந்தையை எழுப்பவேண்டும். பாட்டியின் பழம்புடவையில் கட்டிய தூளிக்கும் அந்தச் சுவர்த்தொட்டிலுக்கும் இடையிலுள்ள தொலைவே புலம்பெயர்வின் தொலைவு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தாலாட்டு எழுதும் கவிஞர் எவரேனும் அந்த விளக்கு எரியும் கணத்தைப் பாடியிருக்கிறாரா?

மூன்றாவது, வழி. சென்னையிலிருந்து புறப்படும் நெடுந்தொலைவு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புகின்றன. வளைகுடா நகரங்களிலும் ஐரோப்பாவிலும் காலையில் பிரிந்து செல்லும் இணைப்பு விமானங்களைப் பிடிக்கவேண்டும் என்பது இதற்கொரு காரணம். எனவே நம் குழந்தைகள் பெரும்பாலும் உறக்கத்திலேயே ஊரைவிட்டுப் போகிறார்கள். பயணச்சீட்டு இல்லாதவர் முனையத்துக்குள் நுழைய இயலாது. தாத்தாவும் பாட்டியும் விடைகொடுப்பது கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான். 2023இல் திறந்த புதிய முனையத்தில் நம் கோலத்தின் சாயலை அலங்காரமாக அமைத்திருக்கிறார்கள். கோலம் வாசலில் வரவேற்பதற்கு இடுவது. அங்கே அது வழியனுப்புகிறது.

இணைப்பு விமானம் மாறும் இடத்தைத் தேர்வதில் விலையை மட்டும் பார்ப்பது தவறு. சிறு பிள்ளைகளோடு செல்வோர்க்கு ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது. மூன்று மணி நேரம் இருந்தால் குழந்தையைக் கழுவித் துடைத்து, ஓடவிட்டு, பாலும் புகட்டி அழைத்துச் செல்லலாம். முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும். மலிவென்று இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுத்தால் அப்பொறுப்பு நம் தலைமேல் விழும். இடைவழியில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க, அந்நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் தேவைப்படலாம். சில நாடுகளில் நிலையத்தைவிட்டு வெளியேறாமல் விமானம் மாறுவதற்கே இந்தியர்க்கு அனுமதி வேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. சீட்டு எடுக்கும் நாளில் கேட்டுத் தெளிவதே முறை. 2006 முதல் கைப்பையில் நீர்மப் பொருள்களுக்கு நூறு மில்லிலிட்டர் என்ற கட்டுப்பாடு வந்தபோதும், குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு என்பதைத் தாய்மார்கள் அறிந்திருப்பது நலம். விமானம் இறங்கும்போது காதுவலியால் அழும் குழந்தைக்கு அப்பாலே மருந்து. விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

இனி, கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முகவன் தவறாமல் கேட்கும் கேள்வி அது: "ஒருவழியா, இருவழியா?" பிழைப்புக்காக ஆயிரம் முறை இதனைக் கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையை வேறெங்கும் கண்டதில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தால் மறுமொழி இன்னும் தாமதப்படும்.

வியப்பென்னவென்றால், பல சமயங்களில் இருவழிச் சீட்டு ஒருவழிச் சீட்டைவிட மலிவாக அமைந்துவிடும். கட்டண விதிகளின் விந்தை அது. அதனால் திரும்பும் எண்ணமே இல்லாத குடும்பங்களும் திரும்பும் சீட்டு வாங்கிச் செல்வதுண்டு. போகும் பகுதியைப் பயன்படுத்தாமல் திரும்பும் பகுதியை மட்டும் பயன்படுத்த இயலாது. போய்விட்டுத் திரும்பாமல் இருக்கலாம். காகிதச் சீட்டு வழக்கிலிருந்த 2008ஆம் ஆண்டுவரை, கிழிக்கப்படாத அந்தத் திரும்பும் தாள் பல வீட்டு இழுப்பறைகளில் கிடந்திருக்கும். இங்கே பெரியவர்களிடம், "திரும்பி வரத்தானே டிக்கெட் இருக்கிறது" என்று சொல்ல அத்தாள் உதவியது. அது பொய்யா? முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னவர்களில் பலர் சொன்ன கணத்தில் அதனை நம்பினார்கள்.

உண்மையான இருவழிச் சீட்டு எடுப்பவர்கள் வேறு சிலர். மகளின் பேறுகாலத்துக்காகச் சேலையூரிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் புறப்படும் அம்மாக்கள் அவர்கள். அமெரிக்காவில் பொதுவாக ஆறு மாதம் தங்க விடுவார்கள். மொழி அறியாத நிலையத்தில் வழி தவறாமல் இருக்க, கால் நன்றாக இருப்பவரும் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவுசெய்துகொள்வார்கள். சங்கத்துச் செவிலி மகளைத் தேடிப் பாலை நிலத்தில் நடந்தாள். கண்டோர் அவளுக்கு ஆறுதல் கூறித் திருப்பி அனுப்பினர். இன்றைய செவிலி சக்கர நாற்காலியில் அமர்ந்து பாலையைக் கடந்து, பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, கெடு முடிந்ததும் திரும்பிவிடுகிறாள். அகப்பொருள் மரபு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, நண்பர்களே. நாம்தான் அதனை ஏடுகளில் மட்டும் தேடுகிறோம்.

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். போனவர்களைப் பற்றி நாம் எழுதும் கவிதைகளில் டாலரும் பனியும் முதியோர் இல்லமுமே மீண்டும் மீண்டும் வருகின்றன. போனவர் நன்றி கெட்டவர், இருப்பவர் கைவிடப்பட்டவர் என்ற தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு பிறகு கவிதை எழுதுகிறோம். தீர்ப்பைச் சற்றே தள்ளிவையுங்கள். மடியில் உறங்கும் குழந்தையின் கனத்தால் மரத்துப்போன கையைப் பாடுங்கள். வேற்றுமொழிப் பணிப்பெண் தந்த கரடிப் பொம்மைக்குத் தமிழில் பெயர் வைக்கும் பிள்ளையைப் பாடுங்கள். உண்மை அங்கே இருக்கிறது.

மற்றொன்று, செயல். குடியேறப் போகும் வீடுகளில் முதல்நாள் இரவு பெட்டிகளை எடை போடுவார்கள். ஒரு பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ என்பது பரவலான வரம்பு. முள் வரம்பைத் தாண்டியதும் முதலில் வெளியே எடுக்கப்படுவது ஊறுகாயன்று, பருப்புப்பொடியன்று, புத்தகமே. ஆனால் தனி இருக்கை பெற்ற குழந்தைக்குக் கைப்பை ஒன்றும் உரியது. வழியனுப்பச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் அப்பைக்குள் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' போல ஒரு பாட்டுப் புத்தகத்தை வைத்தனுப்புவோம். கூடவே பாட்டியின் தாலாட்டை அவர் குரலிலேயே பதிவுசெய்து அனுப்புவோம். குரலுக்கு எடை வரம்பு இல்லை. இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக இதனை ஏற்கவேண்டும் என்று செயற்குழுவை வேண்டிக்கொள்கிறேன்.