பயந்த கை நீட்டிய உதவி



நகரத்து ஏழைக்கு அரசு தரும் உதவித்தொகை இரக்கத்தில் பிறக்கிறது என்று நம்புகிறவர்களைச் சீனாவின் ‘திபாவ்’ திட்டம் சங்கடப்படுத்தும். குடும்ப வருமானம் நகராட்சி வகுத்த வரம்புக்குக் கீழே போனால், குறையும் தொகையை அரசு ஈடுகட்டும். ஷாங்காயில் 1993இல் தொடங்கிய இத்திட்டம் 1999இல் எல்லா நகரங்களுக்குமான விதிமுறை ஆனது. 2000இல் சுமார் 40 லட்சம் பேர் பயன்பெற்றார்கள். 2002இல் இரண்டு கோடிக்கும் மேல். இரண்டே ஆண்டில் வறுமை ஐந்து மடங்காகிவிடவில்லை. அரசு ஆலைகள் சில கோடித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. சம்பளப் பாக்கியும் ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2002 மார்ச்சில் வடகிழக்கின் லியாவ்யாங் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கஜானா திறந்தது இந்த அச்சத்தில்தான்.

நோக்கம் எதுவானால் என்ன, பசித்தவன் தட்டில் சோறு விழுந்ததே என்பீர்கள். விழுந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோக்கம் விதிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தந்த நகரில் ‘ஹுகோவ்’ என்னும் குடும்பப் பதிவு இருந்தவருக்கே உதவி. கிராமத்திலிருந்து வந்து அங்கே அடுக்குமாடிகளைக் கட்டியவருக்கு இல்லை. வறுமை இன்னும் ஆழமாயிருந்த கிராமங்களுக்கு நாடு தழுவிய திட்டம் வர 2007 ஆயிற்று. விண்ணப்பித்தவர் பெயரைப் பலகையில் ஒட்டி, அண்டை வீட்டாரிடம் ஆட்சேபம் கேட்டார்கள். முறைகேட்டைத் தடுக்க என்றார்கள். கூச்சப்பட்டு ஒதுங்கியவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? நகராட்சிப் பணம் நகரத்தாருக்குத்தானே என்ற வாதம் 90களில் ஓரளவு செல்லும். 2003 வாக்கில் செலவில் பாதிக்கு மேல் மத்திய அரசு ஏற்ற பிறகு அது செல்லாது.

2009இல் 2.3 கோடியைத் தாண்டிய நகர்ப்புறப் பயனாளிகள் 2022இல் 70 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். வேலையிழந்த தலைமுறை ஓய்வூதிய வயதை எட்டியதும், வருமானம் உயர்ந்ததும் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. தகுதி விதிகள் இறுகியதும் காரணம். காலியான இடத்துக்கு உள்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ள நகராட்சிகள் அவசரப்படவில்லை. அவர்கள் வாய் திறக்காதவர்கள் அல்லர்: 2010இல் ஃபோஷான் ஹோண்டா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் கூலி உயர்வு கேட்டது நிறுவனத்திடம். நகராட்சியிடம் கேட்க, அதன் பதிவேட்டில் அவர்கள் பெயரே இல்லை.